கால்பந்தாட்டமும் தலைக்காயமும்

1962ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் இந்தியக் கிரிக்கெட் அணி மேற்கிந்தியத் தீவுகளில் சுற்றுப்பயணம் செய்துகொண்டிருந்தது. பார்படாஸில் நடந்த ஆட்டத்தில் சார்லி கிரிஃபித் வீசிய பந்து இந்திய அணித்தலைவர் நாரி கண்ட்ராக்டரின் தலையைத் தாக்கியது. மண்டையோடு உடைந்தது. அறுவைச் சிகிச்சை செய்து அவருடைய உயிரைக் காப்பாற்றினார்கள். அவருக்காக இரத்தம் வழங்கியவர்களுள் மேற்கிந்திய அணித்தலைவர் ஃபிராங்க் வொரலும் ஒருவர். கண்ட்ராக்டர் அதன் பின்னர் டெஸ்ட் பந்தயம் எதிலும் ஆடவில்லை. அந்த அடியை அறுபது ஆண்டுகளுக்குப் பின்னும் நம்மவர் மறக்கவில்லை. காரணம் யாதெனில், அது கண்ணால் கண்ட காயம்.

கண்ணால் காண முடியாத காயம் ஒன்று உண்டு. அதில் குருதி சிந்துவதில்லை; எலும்பு முறிவதில்லை; அடிபட்டவன் கண நேரம் தள்ளாடிப் பின் எழுந்து ஆடுகிறான்; கூட்டமும் கைதட்டுகிறது. அந்தக் காயத்தின் கணக்கு இருபது முப்பது ஆண்டுகள் கழித்து, ஆட்டக்காரனின் பெயரைக் கூட்டம் மறந்த பின்னரே தீர்க்கப்படுகிறது. தொழில்முறைக் கால்பந்தில் இவ்வகைக் காயத்தின் வரலாற்றையே இன்று உங்களிடம் கூற விரும்புகிறேன்.

முதலில் பெயரைப் பற்றி ஒரு விளக்கம் வேண்டும். கால்பந்து என்றால் நாம் கருதுவது கொல்கத்தாவிலும் கோவாவிலும் கேரளத்திலும் ஆடப்படும் ஆட்டம். காலால் உதைத்தும் தலையால் முட்டியும் பந்தை வலைக்குள் செலுத்துவது. அமெரிக்க ஐக்கிய நாட்டிலோ அப்பெயர் வேறோர் ஆட்டத்தைக் குறிக்கும். அங்கே முட்டை வடிவமான பந்தைக் கையில் ஏந்திக்கொண்டு ஒருவன் ஓடுவான். எதிரணியினர் பாய்ந்து அவனை வீழ்த்துவர். முன்னதில் தலையால் மோதுவது பந்துடன், பின்னதில் மனிதனுடன். இரண்டும் ஒரே ஆங்கில ஆட்ட மரபிலிருந்து பிரிந்த கிளைகள். அவை மீண்டும் ஒரே இடத்தில், மருத்துவரின் ஆய்வு மேசையில், வந்து சந்தித்ததே இவ்வரலாற்றின் துயரம்.

அமெரிக்காவில் கல்லூரிகளுக்கிடையிலான முதல் கால்பந்துப் போட்டி 1869ஆம் ஆண்டு நவம்பர் 6ஆம் நாள் ரட்கர்ஸ், பிரின்ஸ்டன் கல்லூரிகளுக்கிடையே நடந்தது. அது பெரும்பாலும் காலால் ஆடிய ஆட்டமே. 1880க்குப் பின் யேல் கல்லூரியைச் சேர்ந்த வால்ட்டர் காம்ப் வகுத்த விதிகளால் அது இன்றைய அமெரிக்க வடிவத்தை அடையத் தொடங்கியது. இரு அணிகளும் எதிரெதிரே வரிசை கட்டி நின்று, ஒவ்வொரு முறையும் மோதித் தொடங்குவது அதன் இலக்கணமாயிற்று. 1892ஆம் ஆண்டில் ஹார்வர்டு அணியினர் 'பறக்கும் ஆப்பு' என்றதொரு வியூகத்தை அமைத்தனர். வீரர்கள் ஆப்பு வடிவில் நெருங்கி நின்று, தொலைவிலிருந்து ஓடிவந்து, எதிரணியின் ஒரே ஆள்மீது மொத்த வேகத்தையும் செலுத்துவதே அவ்வியூகம். போர்க்கலையிலிருந்து எடுத்த உத்தி அது. விளைவுகள் போர்க்களத்தை ஒத்தே இருந்தன. இரண்டே ஆண்டுகளில், 1894இல், அதனைத் தடை செய்தனர். எனினும் கூட்டமாக மோதும் வழக்கம் வேறு வடிவங்களில் நீடித்தது.

1905ஆம் ஆண்டு நெருக்கடி முற்றியது. அந்த ஒரே பருவத்தில் 18 இளைஞர்கள் உயிரிழந்ததாகப் பத்திரிகைகள் கணக்கிட்டு வெளியிட்டன. அப்போது குடியரசுத் தலைவராக இருந்த தியோடர் ரூஸ்வெல்ட் முரட்டு விளையாட்டுக்களை விரும்பியவர். அவர் மகனே ஹார்வர்டில் கால்பந்து ஆடிக்கொண்டிருந்தான். அவர் அக்டோபர் 9ஆம் நாள் ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன் ஆகிய மூன்று நிலையங்களின் பிரதிநிதிகளை வெள்ளை மாளிகைக்கு அழைத்து, ஆட்டத்தைச் சீர்திருத்துமாறு வற்புறுத்தினார். அடுத்த மாதமே யூனியன் கல்லூரியைச் சேர்ந்த ஹரால்டு மூர் என்னும் மாணவன் நியூயார்க் பல்கலைக் கழகத்துக்கு எதிரான ஆட்டத்தில் தலையில் அடிபட்டு இறந்தான். கொலம்பியா பல்கலைக் கழகம் கால்பந்தை விலக்கியது. ஸ்டான்ஃபோர்டும் கலிஃபோர்னியாவும் ரக்பி ஆட்டத்துக்கு மாறின. நியூயார்க் பல்கலைக் கழகத் தலைவர் கூட்டிய மாநாட்டிலிருந்து கல்லூரி விளையாட்டுக்களுக்கான ஒரு பொது அமைப்புப் பிறந்தது. 1906இல் புதிய விதிகள் வந்தன: பந்தை முன்னோக்கி எறிய அனுமதி கிடைத்தது, இரு வரிசைகளுக்கும் நடுவே இடைவெளி வகுக்கப்பட்டது. ஆட்டம் ஒரே இடத்தில் நெருங்கி மோதுவதிலிருந்து திடல் எங்கும் விரிந்து பரவத் தொடங்கியது. 1909இல் மரணங்கள் மீண்டும் கூடவே, 1910இல் விதிகள் மறுபடியும் திருத்தப்பட்டன.

நேயர்களே, இதனை மனத்தில் குறித்துக்கொள்ளுங்கள். 1905இல் பிணங்கள் விழுந்தன. 1906இல் விதி மாறியது. கண்முன் நிகழ்ந்த மரணத்துக்கு விடை காண ஓராண்டே தேவைப்பட்டது.

அடுத்து, தலைக்கவசத்தின் கதைக்கு வருவோம். 1893ஆம் ஆண்டில் தரைப்படை, கடற்படைக் கல்லூரிகளுக்கிடையே நடந்த ஆட்டத்தில் ஜோசப் ரீவ்ஸ் என்னும் கடற்படை மாணவர், செருப்புத் தைப்பவரிடம் சொல்லிச் செய்வித்த தோல் தொப்பி ஒன்றை அணிந்து ஆடினாராம். இன்னொரு முறை தலையில் உதைபட்டால் உயிருக்கோ அறிவுக்கோ கேடு நேரும் என்று மருத்துவர் எச்சரித்திருந்தமையே காரணம் என்பர். அவர் பிற்காலத்தில் கடற்படைத் தளபதியாக உயர்ந்தார். 1920இல் தொழில்முறை அணிகள் ஒன்றுகூடி அமைத்த சங்கம் 1922இல் தேசியக் கால்பந்து லீக் என்னும் பெயரைப் பெற்றது. அந்த லீக் தலைக்கவசத்தைக் கட்டாயமாக்கியது 1943ஆம் ஆண்டில்தான். அதற்குச் சற்று முன்னர், 1939இல், பிளாஸ்டிக்கால் ஆன கவசம் தோன்றியிருந்தது. பின்னர் முகத்தைக் காக்கும் கம்பியும் அதனுடன் சேர்ந்தது.

கவசம் மண்டையோட்டைக் காத்தது உண்மை. ஆனால், கவசம் அணிந்தவனுக்கு அச்சம் குறைந்தது. முன்பு தோளால் மோதியவன் இப்போது தலையைத் தாழ்த்தி, அதனையே ஈட்டிமுனையாக்கிப் பாயக் கற்றான். காப்பாக வந்தது படைக்கலமாக மாறிவிட்டது. 1968ஆம் ஆண்டில் மட்டும் பள்ளி, கல்லூரி, தொழில்முறை ஆகிய எல்லா நிலைகளிலுமாக 36 பேர் ஆட்டத்தில் பட்ட நேரடிக் காயத்தால் இறந்தனர். மீண்டும் நாடு விழித்தது. கவசத்தின் தரத்தைச் சோதிக்க 1969இல் ஒரு குழு அமைந்தது. 1976இல் பள்ளி, கல்லூரி ஆட்டங்களில் தலையால் குத்தி மோதுவது தடை செய்யப்பட்டது. 1990ஆம் ஆண்டில் அத்தகைய நேரடி மரணம் ஒன்றுகூட நிகழவில்லை. இங்கும் கண்ட காயத்துக்கு மருந்து கிடைத்தது என்றே கூறவேண்டும்.

காணாத காயத்தின் நிலை என்ன? மூளை ஏறத்தாழ 1.4 கிலோகிராம் எடையுள்ள மென்மையான உறுப்பு. மண்டையோட்டுக்குள் நீர் சூழ அமைந்திருப்பது. தயிர்ப் பானையைக் கந்தையால் நன்கு சுற்றி மாட்டு வண்டியில் ஏற்றுவதாக வைத்துக்கொள்வோம். வண்டி கல்லில் ஏறி இறங்கினால் பானை உடையாது. உள்ளே உள்ள தயிர் கலங்காமல் இருக்குமா? தலைக்கவசம் பானைக்குச் சுற்றிய கந்தை. விரைந்து வந்த தலை திடீரென நிற்கும்போதும், பக்கவாட்டில் சுழலும்போதும் உள்ளே மூளை இழுபட்டு, அதன் நுண்ணிய நரம்பிழைகள் நலிவதைக் கவசத்தால் முற்றிலும் தடுக்க இயலாது. ஒவ்வொரு முறையும் மயக்கம் வரவேண்டும் என்பதில்லை. சிறு சிறு அடிகள் ஆயிரக்கணக்கில் சேர்வதும் தீங்கு செய்யும்.

இவ்வுண்மையின் முதல் வெளிச்சம் 1928ஆம் ஆண்டிலேயே கிடைத்தது. நியூஜெர்சி மாநிலத்தில் பிரேத பரிசோதனை மருத்துவராக இருந்த ஹாரிசன் மார்ட்லண்டு, அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் சஞ்சிகையில் குத்துச்சண்டை வீரரைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். கடிகார முகப்புக்களுக்கு ரேடியம் பூசிய பெண் தொழிலாளர்களின் நோயை ஆராய்ந்து உண்மையை வெளிப்படுத்தியவர்களுள் அவரும் ஒருவர். தொழில் மனிதனைத் தின்னும் விதத்தை அறிந்த மருத்துவர் அவர். பல ஆண்டுகள் தலையில் குத்து வாங்கியவர்களுக்கு நடை தளர்கிறது, பேச்சுக் குழறுகிறது, அறிவு மங்குகிறது என்பதைச் சண்டைக்களத்தைச் சூழ்ந்திருந்தவர்கள் முன்பே கண்டிருந்தனர். அவர்கள் அதற்கு இட்ட பெயர் 'குத்துப் போதை'. குடித்தவனைப் போலத் தள்ளாடுகிறான் என்னும் எள்ளல் அப்பெயரில் உண்டு. அந்தப் பாமரப் பெயரையே மார்ட்லண்டு தம் கட்டுரைக்குத் தலைப்பாக்கினார்; எள்ளலுக்குப் பின்னே உண்மையான நோய் இருக்கிறது என்றார்.

நான் மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்டவன். இருபது ஆண்டுகளுக்கு மேலாக அரசாங்க ஆவணங்களைத் தமிழாக்கி வருகிறேன். ஒரு பொருளுக்கு இடும் பெயரே அப்பொருளின் விதியைத் தீர்மானிப்பதை என் மேசையில் பன்முறை கண்டிருக்கிறேன். இந்த நோயின் வரலாறு அதற்கு நல்ல சான்று. 1937இல் இதற்கு, குத்துச்சண்டைக்காரரின் சித்தக் கலக்கம் என்னும் பொருள்பட ஓர் இலத்தீன் பெயரை இட்டனர். கற்றறிந்த பெயர்தான். ஆனால் அப்பெயர் நோயைக் குத்துச்சண்டைக் களத்துக்குள்ளேயே வேலி கட்டி அடைத்தது. கால்பந்து ஆடுபவனுக்கும் அது வரலாம் என்று கருத அதில் இடமில்லை. கால்பந்துத் திடலிலோ இன்னும் எளிய சொற்கள் வழங்கின. மோதலில் நிலைகுலைந்தவனை 'அவனுக்கு மணி அடித்துவிட்டது' என்பார்கள். 'டிங்' என்று ஒலிக்குறிப்பால் சொல்வதும் உண்டு. மணியோசை சற்று நேரத்தில் அடங்கிவிடும் அன்றோ? அவ்வாறே இதுவும் அடங்கும் என்பது அச்சொல்லின் உட்கருத்து.

1990க்குப் பின் தலையடியின் விளைவால் சில பெயர்பெற்ற வீரர்கள் ஆட்டத்திலிருந்து விலக நேர்ந்தது. எனவே 1994இல் தேசியக் கால்பந்து லீக் ஒரு மருத்துவக் குழுவை நியமித்தது. அதன் பெயரிலேயே 'இலேசான' மூளைக்காயம் என்னும் சொல் இடம்பெற்றிருந்தது. விசாரணை தொடங்கும் முன்னரே தீர்ப்பின் ஒரு பகுதி பெயரில் எழுதப்பட்டுவிட்டது எனலாம். குழுத்தலைவராக அமர்ந்த எலியட் பெல்மன் மூட்டுவாத மருத்துவர். நரம்பியல் வல்லுநர் அல்லர். 2003 முதல் அக்குழு வெளியிட்ட கட்டுரைகள், தொழில்முறை வீரரின் மூளைக்கு நிலைத்த கேடு இல்லை என்ற திசையிலேயே சென்றன.

இந்நிலையில் 2002ஆம் ஆண்டு இரண்டு மரணங்கள் நிகழ்ந்தன. ஒன்று இங்கிலாந்தில், மற்றொன்று அமெரிக்காவில்.

அவ்வாண்டு ஜனவரியில் இங்கிலாந்தில் இறந்தவர் ஜெஃப் ஆஸ்டில். 1968ஆம் ஆண்டு எஃப்.ஏ. கோப்பை இறுதியாட்டத்தில் வெஸ்ட் பிராம்விச் ஆல்பியன் அணிக்கு வெற்றிக் கோலை அடித்துத் தந்தவர். தலையால் பந்தை முட்டுவதில் பேர் பெற்றவர். 59ஆம் வயதில், நினைவிழந்த நிலையில் மறைந்தார். அந்நாட்டின் மரண விசாரணை அதிகாரி அவ்வாண்டு நவம்பரில் அளித்த தீர்ப்பு, 'தொழிலால் வந்த நோய்' என்பது. சுரங்கத் தொழிலாளியின் நுரையீரலுக்கு வழங்கும் சொல்லை, ஒரு கால்பந்து வீரரின் மூளைக்கு வழங்கினார் அவர். சரியான பெயர் அன்றே இடப்பட்டுவிட்டது. ஆயினும் அதனைக் கேட்டு விழித்தவர் மிகச் சிலரே.

செப்டம்பர் 24ஆம் நாள் அமெரிக்காவில் மறைந்தவர் மைக் வெப்ஸ்டர். பிட்ஸ்பர்க் அணியின் நடுவரிசை வீரர். தொழில்முறையில் 17 பருவங்கள் ஆடியவர். நான்கு முறை சூப்பர் பௌல் வெற்றியில் பங்கு கொண்டவர். பந்தைப் பின்னே தள்ளிவிட்டு மறுகணமே எதிரில் நிற்பவனைத் தலையால் முட்டுவது அவர் நின்ற இடத்துக்குரிய வேலை. ஓய்வு பெற்ற பின் நினைவும் நிதானமும் குலைந்தன, செல்வம் கரைந்தது, சில நாட்கள் தம் வண்டியிலேயே படுத்துறங்கினார். இறக்கும்போது அவருக்கு வயது 50. இதில் வியப்புக்குரியது ஒன்றுண்டு. அவருடைய இயலாமைக்கு ஆட்டத்தில் பட்ட தலையடிகளே காரணம் என்பதை 1999ஆம் ஆண்டிலேயே லீக்கைச் சார்ந்த ஓய்வூதிய வாரியம் ஏற்று, உதவித்தொகை வழங்கியிருந்தது. ஒரு கை கொடுத்ததை மறு கை எழுதிய கட்டுரைகள் மறுத்துக்கொண்டிருந்தன.

வெப்ஸ்டரின் உடலைப் பரிசோதித்தவர் பென்னட் ஒமாலு. நைஜீரியாவில் பிறந்து அமெரிக்காவில் குடியேறியவர். கால்பந்தில் ஈடுபாடு இல்லாதவர். மூளையைப் புறத்தே பார்த்தால் குறை ஒன்றும் தெரியவில்லை. 'சரி' என்று எழுதிக் கோப்பை மூடியிருக்கலாம். அவர் மூடவில்லை. மூளையை மெல்லிய சீவல்களாக்கி, சாயமேற்றி, சொந்தப் பணத்தைச் செலவிட்டு ஆராய்ந்தார். 'டௌ' என்னும் புரதம் சிக்குண்டு படிந்திருப்பதைக் கண்டார். 2005ஆம் ஆண்டு நரம்பு அறுவை மருத்துவச் சஞ்சிகை ஒன்றில் அவருடைய கட்டுரை வெளிவந்தது. தொடர்ந்து விழும் அடியால் மூளை சிதையும் இந்நோய்க்கு, மருத்துவர்களிடையே முன்பே வழங்கிய பெயரை அவர் கால்பந்து வீரருக்கும் உரியதாக்கினார். அப்பெயரைச் சி.டி.இ. என்று மூன்று எழுத்துக்களாகச் சுருக்கி வழங்குவர். லீக்கின் குழுவைச் சேர்ந்த மருத்துவர்கள் அக்கட்டுரையைத் திரும்பப் பெறவேண்டும் என்று கோரினர். சஞ்சிகை இணங்கவில்லை. 2006இல் ஒமாலு இரண்டாவது வீரரின் மூளையைப் பற்றியும் எழுதினார்.

அதன் பின் நிகழ்ந்தவற்றைச் சுருங்கச் சொல்கிறேன். 2009இல் அமெரிக்கப் பிரதிநிதிகள் சபைக் குழுவொன்று லீக்கின் தலைவரை அழைத்து விசாரித்தது. புகையிலைக் கம்பெனிகள் ஒருகாலத்தில் புற்றுநோயை மறுத்ததற்கும் இதற்கும் என்ன வேறுபாடு என்று ஓர் உறுப்பினர் கேட்டார். 2011இல் டேவ் டூயர்சன் என்னும் முன்னாள் வீரர், தம் மூளையை ஆராய்ச்சிக்கு அளிக்கவேண்டும் என்று எழுதி வைத்துவிட்டு உயிரை மாய்த்துக்கொண்டார். 2012இல் ஜூனியர் சியாவும் அவ்வாறே மறைந்தார். இருவர் மூளையிலும் அந்நோய் காணப்பட்டது. 4,500க்கும் மேற்பட்ட முன்னாள் வீரர்கள் வழக்குத் தொடுத்தனர். 2013இல் 76.5 கோடி டாலருக்கு உடன்பாடு எட்டியது. அத்தொகை போதாமற்போகலாம் என்று நீதிபதி அனிதா பிராடி ஏற்க மறுத்தார். பின்னர் உச்சவரம்பு நீக்கப்பட்டு, 2015இல் அனுமதி கிடைத்தது. கொடுக்கப்பட்ட தொகை காலப்போக்கில் 100 கோடி டாலரைத் தாண்டியது. உடன்பாட்டில் லீக் குற்றத்தை ஒப்புக்கொள்ளவில்லை. 2015க்குப் பின் இறப்பவர்களின் குடும்பத்துக்கு, சி.டி.இ. என்னும் நோயின் பெயரால் இழப்பீடு கிடையாது.

அந்த உடன்பாட்டில் மறைந்திருந்த வேறொரு கொடுமையையும் கூறாமல் விடுவதற்கில்லை. ஒருவருடைய அறிவாற்றல் எவ்வளவு குன்றியது என்று அளக்க, முன்பு எவ்வளவு இருந்தது என்று ஊகிக்கவேண்டும். கறுப்பின வீரருக்கு அந்தத் தொடக்க அளவையே தாழ்வாக வைத்துக் கணக்கிடும் முறை கையாளப்பட்டு வந்தது. அதனால் வெள்ளையரைப் போன்றே நோயுற்ற கறுப்பின வீரருக்கு இழப்பீடு மறுக்கப்பட நேர்ந்தது. 2020இல் இரு முன்னாள் வீரர்கள் இதனை எதிர்த்து வழக்காடினர். 2021இல் அம்முறையைக் கைவிடுவதாக லீக் அறிவித்தது.

2016ஆம் ஆண்டு மார்ச்சு 14ஆம் நாள், சட்டமன்ற உறுப்பினர் ஒருவர் கேட்ட நேரான கேள்விக்கு, கால்பந்துக்கும் இம்மூளை நோய்க்கும் தொடர்பு உண்டு என்று லீக்கின் உயர் அதிகாரி ஒருவர் விடையளித்தார். மார்ட்லண்டின் கட்டுரை வெளிவந்து அப்போது 88 ஆண்டுகள் ஆகியிருந்தன. அவர் எழுதியது குத்துச்சண்டையைப் பற்றியே. கால்பந்தைப் பற்றி அன்று. ஆயினும் தலையில் விழும் அடிக்கு, அது கையுறையால் விழுந்ததா கவசத்தால் விழுந்ததா என்ற வேறுபாடு தெரியாது. காணும் காயத்துக்கு ஓராண்டு. காணாத காயத்துக்கு 88 ஆண்டு. இவ்விரண்டு எண்களுக்கும் இடைப்பட்ட தூரமே நான் இன்று சொல்ல வந்த வரலாறு.

நம் நாட்டில் ஆடப்படும் கால்பந்துக்குத் திரும்புவோம். ஆஸ்டிலின் மூளையை 2014இல் மறுபடி ஆராய்ந்தபோது, அவருக்கு இருந்ததும் அதே சி.டி.இ. எனத் தெரிந்தது. 2019இல் ஸ்காட்லாந்து ஆய்வாளர்கள் 7,676 முன்னாள் தொழில்முறை வீரர்களின் மரணப் பதிவுகளை, அவர்களை ஒத்த பொதுமக்கள் 23,028 பேருடன் ஒப்பிட்டனர். மூளைச் சிதைவு நோய்களால் மரணம் வீரரிடையே மூன்றரை மடங்கு மிகுதியாக இருந்தது. 2021இல் வந்த தொடராய்வு, தலையால் அதிகம் முட்டும் பின்வரிசைக் காவலரிடையே இவ்வகை நோய் ஏறத்தாழ ஐந்து மடங்கு என்றும், கோல் காப்பாளரிடம் பொதுமக்களைவிடக் குறிப்பிடத்தக்க மிகுதி இல்லை என்றும் காட்டியது. 1966இல் உலகக் கோப்பையை வென்ற இங்கிலாந்து அணியில் இறுதியாட்டம் ஆடிய 11 பேரில் ஐவர் பிற்காலத்தில் மறதி நோய்க்கு ஆளாயினர்.

உண்மையின் மறுபுறத்தையும் கூறுவதே முறை. 2017இல் அமெரிக்காவில் ஆராயப்பட்ட 111 முன்னாள் தேசிய லீக் வீரரின் மூளைகளுள் 110இல் நோய் இருந்தது என்ற செய்தி உலகெங்கும் பரவியது. ஆனால் அவை நோய் இருக்கும் என்று ஐயுற்ற குடும்பத்தார் பெரும்பாலும் விரும்பி அளித்தவை. ஆகவே ஆடிய அனைவர்க்கும் இந்நோய் வரும் என்று அதிலிருந்து முடிவு கட்டுதல் பிழை. இறந்த பின் மூளையை ஆராய்ந்தே இதனை உறுதி செய்ய முடிகிறது என்பதையும் கருதவேண்டும். மேலும் அதே ஸ்காட்லாந்து ஆய்வில், முன்னாள் வீரர் இதய நோயாலும் நுரையீரல் புற்றாலும் இறப்பது குறைவு என்று கண்டனர். ஆட்டம் உடலை வளர்க்கிறது, ஐயமில்லை. ஆட்டத்தை விலக்கச் சொல்பவன் அல்லேன் நான்.

விலக்க வேண்டியது வேறு. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் 13 வயதுச் சிறுவன் ஒருவன் தலையில் அடிபட்ட பின்னும் அதே ஆட்டத்தில் மீண்டும் இறங்கி, வாழ்நாள் முழுதும் ஊனமுற்றான். அதன் விளைவாக 2009இல் அங்கே ஒரு சட்டம் வந்தது. தலையில் அடிபட்டதாக ஐயம் எழுந்தாலே பிள்ளையைத் திடலிலிருந்து வெளியே அழைக்கவேண்டும். மருத்துவர் எழுத்து மூலம் இசைந்த பின்னரே மறுபடி ஆடவிடலாம். 2014க்குள் அந்நாட்டின் 50 மாநிலங்களும் இத்தகைய சட்டங்களை இயற்றின. 2015இல் அமெரிக்கக் கால்பந்து அமைப்பு 10 வயதும் அதற்குக் கீழும் உள்ள சிறுவர் தலையால் பந்தை முட்டுவதை நிறுத்தியது. 2020இல் இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் வட அயர்லாந்தும் தொடக்கப் பள்ளி வயதினரின் பயிற்சியில் அதனை விலக்கின.

நேயர்களே, சொந்த வாழ்வில் நடந்ததொன்றைக் கூறி முடிக்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் குடியிருப்பை அடுத்த திடலில் என் மகன் கால்பந்து ஆடிக்கொண்டிருந்தான். தில்லியில் பனிக்காலம். மேலே எழுந்த பந்துக்காக இரு சிறுவர் தாவினர், தலைகள் மோதின. பயிற்சி தந்தவர் ஓடிவந்து முகத்தில் தண்ணீர் தெளித்து, முதுகில் தட்டி, மீண்டும் ஆடச் சொன்னார். மகன் என்னைத் திரும்பிப் பார்த்தான். நானும், 'ஒன்றுமில்லையப்பா, இலேசான அடிதான். போய் ஆடு' என்றேன். அன்றிரவு அவன் தலைவலி என்று உண்ணாமல் படுத்தான். காலையில் எழுந்ததும் வாந்தியெடுத்தான். மருத்துவர் இரண்டு வாரம் ஓய்வு என்றார். நல்வினையாக அவன் நலமடைந்தான். ஆனால் 'இலேசான' என்று நான் சொன்ன சொல்லை என்னால் மறக்க இயலவில்லை. வேறொரு நாட்டின் குழுவொன்று தன் பெயரில் வைத்துக்கொண்ட அதே சொல் அல்லவா அது!

பிறந்த ஊரை விட்டுப் பிற மாநிலங்களில் வாழும் நம்மவர் பிள்ளைகள், அயல்மொழி பேசும் தோழருடன் ஒன்று கலப்பதற்கு விளையாட்டுத் திடலே பெரும்பாலும் முதல் வாசலாகிறது. அந்த வாசலை அடைத்துவிடாதீர்கள். ஆனால் மோதலுக்குப் பின் தலைவலி, வாந்தி, கண் மங்கல், பேச்சில் தடுமாற்றம், நடந்ததை நினைவுகூர இயலாமை, வழக்கத்துக்கு மாறான உறக்கம் இவற்றுள் ஒன்று தோன்றினாலும், அன்றைய ஆட்டம் அவனுக்கு முடிந்தது என்று கொள்ளுங்கள். வாந்தி தொடர்ந்தாலும், உறக்கம் மிகுந்தாலும், வலி கூடினாலும் மருத்துவமனைக்கு விரையுங்கள். பயிற்சியாளர் முகம் சுளிக்கலாம், பிள்ளையும் சினக்கலாம். ஓர் ஆட்டம் போனால் மறு வாரம் இன்னோர் ஆட்டம் உண்டு. ஐயம் எழுந்த அந்தக் கணத்தில் திடலோரத்தில் நிற்கும் தந்தையோ தாயோ, 'வா, போதும்' என்று அழைத்துக்கொள்ள 88 ஆண்டுகள் காத்திருக்க வேண்டியதில்லை.